குர்லா என்று பெயரிட்ட டிஸ்க்

எங்கள் கம்பெனிக்கு இரண்டு ஸ்டோரேஜ் உண்டு. ஒன்று டிராம்பேயில் இருக்கிற குடோன். இன்ஜின் ஆயில் பீப்பாய்களை அடுக்கி வைத்து லாரி லாரியாக வெளியே அனுப்புகிற இடம். இன்னொன்று செம்பூர் ஆபீசில் ஏசி போட்ட சின்ன அறைக்குள் பீரோ உயரத்துக்கு நிற்கிற ஒரு பெட்டி. உள்ளே வரிசை வரிசையாக ஹார்ட் டிஸ்க். கம்பெனியின் மெயில், கணக்கு, குடோனுக்குள் லாரி நுழைய அடித்துக் கொடுக்கிற கேட் பாஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதைக் கவனித்துக்கொள்வது என் வேலை.

என் தாய்மாமாவுக்கு முதல் ஸ்டோரேஜில் வேலை. அங்கே அவர் முக்காதம். தாராவியிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் பீப்பாய் ஏற்றி இறக்க வைக்கிற மேஸ்திரியை மும்பையில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் அங்கே போக ஆரம்பித்துப் பல வருஷம் கழித்து, முற்றிலும் தற்செயலாக, எனக்கு செம்பூரில் வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் யாரும் அதைத் தற்செயல் என்று நம்பவில்லை. "மாமனும் மருமவனும் ஒரே ஸ்டோரேஜ்ல இருக்காவ" என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

ஒரு காதுகுத்து வீட்டில் வைத்து இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று முயற்சி செய்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் என் வேலையைப் பொறுமையாக விளக்கினேன். டேட்டா என்றால் என்ன, அதை எப்படிப் பாதுகாக்கிறோம், ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் எப்படி ஒன்றும் தொலையாது என்று ரசம் வரும்வரை சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அத்தை கேட்டாள்: "அப்பம் பீப்பா எண்ணுத சோலி உனக்கா, மாமாவுக்கா?"

மாமாதான் எனக்குத் துணை. "அவன் சோலி வேற. கம்ப்யூட்டர்ல ஒத்த வரி தட்டுனாம்னா கம்பெனியே அவன் சொல்லுத மாதிரி ஆடும்" என்று எங்கே போனாலும் சொல்வார். அந்த ஒற்றை வரிக் கதையை அவருக்குச் சொன்னது நான்தான். ஆனாலும் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது அது உண்மை மாதிரியே இருக்கும். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பெட்டியை இரண்டு விதமாக நடத்தலாம். திரையில் கலர் கலராகப் படம் காட்டும்; மௌஸால் பட்டனை அமுக்கலாம். எதை அமுக்கினாலும் "நிச்சயம்தானா?" என்று கேட்கும். இன்னொரு வழி, கறுப்புத் திரையில் கட்டளைகளை நாமே தட்டுவது. நான் கறுப்புத் திரைக் கட்சி. பட்டன் கட்சிக்காரர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பரிதாபம். அதை மறைத்து வைக்கவும் மாட்டேன்.

கேட்பவர்களிடம் இதற்கு ஆழமான காரணங்கள் சொல்வேன். வேகம், துல்லியம், எந்திரத்தோடு நேரடிப் பேச்சு என்றெல்லாம். உண்மைக் காரணம் வேறு. தாராவியில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். மௌஸ்கள் அடிக்கடி காணாமல் போனதால், அதன் ஓனர் சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது எல்லா மௌஸையும் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். நான் சாயங்கால பேட்ச். கீபோர்டைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் எழுத்து மளமளவென்று ஓடும்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். மௌஸ் அமுக்குகிறவனை யார் நின்று பார்க்கிறார்கள்?

பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் வேண்டிய அளவு இடத்தைப் பிரித்துக் கொடுப்போம். அப்படிப் பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு விர்ச்சுவல் டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். மற்ற ஆபீசுகளில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போடுவார்கள். நான் ரயில்வே ஸ்டேஷன் பெயர்களை வைத்தேன். எப்போதும் கூட்டமாக இருக்கிற மெயிலுக்கு தாதர். கணக்குப் பிரிவுக்கு மாட்டுங்கா. குடோனின் கேட் பாஸுக்கு குர்லா. வைத்த அன்று ஆபீசில் எல்லாரும் சிரித்துப் பாராட்டினார்கள். எனக்கு அது ரொம்ப நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் சப்போர்ட் டீமில் புதிதாக மூன்று பேரைச் சேர்த்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் எங்கள் மேடம். மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்தே ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். என்னிடம் தமிழில்தான் பேசுவார். அவர் தமிழும் என் தமிழும் வேறு வேறு என்றாலும் கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. திட்டும்போதுகூட காபி ஆற்றுகிற நிதானம்தான்.

பயிற்சிக்கென்று ஒரு பழைய பெட்டி இருந்தது. நிஜப் பெட்டி மாதிரியே இருக்கட்டும் என்று அதிலும் தாதர், மாட்டுங்கா, குர்லா என்றே பெயர் வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் இரண்டு கறுப்புத் திரைகள் எப்போதும் திறந்தே இருக்கும். ஒன்று நிஜப் பெட்டிக்கு, ஒன்று பழையதுக்கு. "நிஜத்துக்குப் போற திரையை மட்டும் சிவப்பா மாத்தி வெச்சுக்கோயேன்" என்று மேடம் ஒருமுறை சொல்லியிருந்தார். "நான் என்ன மேடம், மோட்டார்மேனா, சிக்னல் பாத்து ஓட்ட?" என்று சொல்லிவிட்டு, அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

பயிற்சியன்று காலை நான் நல்ல ஃபார்மில் இருந்தேன். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தேன். மூன்று பேரும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்தியில் பாடம் நடத்தினேன். ஒரு விர்ச்சுவல் டிஸ்கின் குணங்களை எப்படி மாற்றுவது என்று காட்டினேன். பெயரை மாற்றுவது, எழுதுவதற்கு முன் நினைவில் தேக்கி வைக்கலாமா என்று சொல்வது, எந்த வேலைக்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்வது. எல்லாம் ஒற்றை வரி. ஒவ்வொரு முறை என்டரைத் தட்டும்போதும் கையைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கித் தட்டினேன்.

கடைசியாக என் முக்கிய ஐட்டத்துக்கு வந்தேன். ஒரு டிஸ்கில் எவ்வளவு எழுதிவிட்டு அடுத்த டிஸ்குக்குத் தாவ வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. செக்மென்ட் சைஸ் என்பார்கள். அந்த அளவை மாற்றினால், அதுவரை எழுதி வைத்திருக்கிற மொத்தத்தையும் பெட்டி தானாகவே எடுத்து எடுத்துப் புது அளவில் அடுக்கும்.

"இதுல ஒரு விஷயம்" என்று விரலை உயர்த்தினேன். "ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவே முடியாது. முடியிற வரைக்கும் எல்லாம் ஆமை வேகத்துலதான் நடக்கும். அதனால நிஜப் பெட்டியில, வேலை நேரத்துல, புத்தி உள்ள எவனும் இதைத் தொட மாட்டான்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். சீக்கிரம் முடிந்து காட்டட்டும் என்று அந்த அடுக்குகிற வேலைக்கு முன்னுரிமையை உச்சத்தில் வைத்தேன். குர்லாவின் செக்மென்ட் சைஸை மாற்றும் வரியைத் தட்டினேன். ஒரு பெண் கேட்டாள், "சார், கன்ஃபர்ம் பண்ணச் சொல்லிக் கேக்காதா?"

"பட்டன் அமுக்குறவங்களைத்தான் அது கேக்கும்" என்றேன். "நம்மளைக் கேக்காது. நாம சொன்னா சொன்னதுதான்."

கையைத் தூக்கி என்டரைத் தட்டினேன்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் மௌனம் என்றால் சம்மதம் என்று அர்த்தம். இதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் டிராம்பே கேட்டிலிருந்து போன். கேட் பாஸ் பிரிண்ட் ஆகவில்லை. "பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, மூன்று பேரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். மறுபடியும் போன். பிரிண்டர் நன்றாக இருக்கிறது, சாஃப்ட்வேர்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். "உங்க நெட் ஸ்லோவா இருக்கும்" என்றேன். "பாத்தீங்களா, யூசர்ஸ்னா இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் நம்ம தலையில போடுவாங்க. பொறுமையா பதில் சொல்லப் பழகிக்கணும்" என்று அதையும் பாடத்தில் சேர்த்தேன்.

வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டுவதற்காக அடுத்த வரியைத் தட்டினேன். குர்லாவின் விவரங்கள் வந்தன. பழைய பெட்டியில் இருக்கிற குர்லா கைக்குட்டை அளவுதான். திரையில் இருந்த குர்லாவோ பந்தி ஜமுக்காளம் மாதிரி நீண்டு கிடந்தது. நான் அதை இரண்டாம் முறை வாசித்தேன். பிறகு திரையின் மேல் ஓரத்தில் இருக்கிற பெட்டியின் பெயரை வாசித்தேன். அது நிஜப் பெட்டி. இரண்டாம் முறை வாசிக்கத் தேவை இருக்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து, திரையை மறைத்தாற்போல நின்றுகொண்டு, "சரி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"இப்பதானே சார் குடிச்சோம்" என்றான் ஒருவன்.

"இன்னொண்ணு குடிங்க."

மேடத்தின் கேபினுக்குப் போனேன். வாசலிலேயே நின்றபடி, "மேடம், குர்லா கொஞ்சம் ஸ்லோ" என்றேன்.

"மழையே இல்லையே? டிரெயின் ஏன் ஸ்லோவாறது?"

"டிரெயின் இல்ல மேடம். நம்ம குர்லா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "கிளாஸ் எடுத்துண்டிருக்கச்சே பண்ணினியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மேடம். எதைப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"பேஷ்."

நான் அவசரமாக, முன்னுரிமையைக் குறைக்க ஒரு வரி இருக்கிறது, இப்போதே ஓடிப்போய்த் தட்டிவிடுகிறேன் என்றேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். "நீ எதையும் தட்ட வேண்டாம். ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கோ."

கிண்டலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நின்றேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்படியே அவர் பின்னால் போனேன். டீ குடிக்கப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் மேடத்தையும் பார்த்தார்கள், என் பாக்கெட்டையும் பார்த்தார்கள். மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மௌஸ் கொண்டு வரச் சொல்லி, பட்டன் கட்சியின் படத் திரையைத் திறந்தார். குர்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுக் கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டியில் இப்படி ஒரு கடிகாரம் இருக்கிறதே எனக்குத் தெரியாது.

முன்னுரிமையைக் குறைத்தால் கேட் பாஸ் மெதுவாக நடக்கும், ஆனால் பெட்டி நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். குறைக்காவிட்டால் இன்றைக்கு முழுக்க கேட் பாஸ் கிடையாது, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் பெரிய லோடு இருந்தது. "இன்னிக்கே ஒழியட்டும்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் கையெழுத்து நன்னா இருக்குமோ?" என்று கேட்டார்.

"சுமாரா இருக்கும் மேடம்."

"போறும். டிராம்பே போ. கையால கேட் பாஸ் எழுது."

ஆட்டோவில் போகும்போதே, குடோனுக்கு வெகுதூரம் முன்னால், சாலை வளைகிற இடத்திலேயே முதல் லாரி தெரிந்தது. அதாவது வரிசையின் கடைசி லாரி. அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. சில டிரைவர்கள் கீழே இறங்கி லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஹாரனை அமுக்கி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நான் செய்தது என்று மூளைக்குத் தெரிந்தாலும் நம்ப முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் நான் எத்தனையோ வருஷமாக எதையெதையோ மாற்றியிருக்கிறேன். எதையும் கண்ணால் பார்த்ததில்லை. முதல் முறையாகப் பார்த்தேன். அதற்கு டயர் இருந்தது.

கேட்டில் செக்யூரிட்டி எனக்கு ஒரு ஸ்டூலும், ஆடுகிற மேஜை ஒன்றும், கார்பன் வைத்து எழுதுகிற பழைய பாஸ் புக்கும் கொடுத்தார். பேனா பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் சில பாஸுக்குக் கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டேன். நகல் விழ வேண்டிய தாள் வெள்ளையாகவே இருந்தது. பாஸின் முதுகில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுத்து. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் பாஷை?" என்று இந்தியில் கேட்டார்.

"ஏல மருமவனே!"

நிமிராமலே தெரிந்தது. மாமாதான். அவருடைய ஆட்கள் ஷெட் ஓரத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நீ எங்கல இங்க?"

"கம்ப்யூட்டர் மக்கர் மாமா."

"அதச் சரி பண்ணவா வந்திருக்க?"

"ஆமா."

அவர் என் கையைப் பார்த்தார். "பேனாவாலயா?"

நான் அடுத்த லாரியின் நம்பரை எழுதினேன். மாமா டிரைவர்கள் பக்கம் திரும்பி, கையைத் தட்டி, தன்னுடைய தாராவி இந்தியில் அறிவித்தார். ஹெட் ஆபீசிலிருந்து என் மருமகன் வந்துவிட்டான், பெரிய இன்ஜினியர், இனி யாரும் டென்ஷன் எடுக்க வேண்டாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கார்பன் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் பக்கத்தில் நின்றபடியே தமிழில் தொடர்ந்தார். "எந்தக் கோட்டிப்பய என்னத்தப் போட்டுத் தட்டுனாம்னு தெரியல மருமவனே. காலையிலருந்து பயலுவ எல்லாவனும் கைய மடியில வச்சிட்டு உக்காந்திருக்கானுவ. ஒரு ஆளு செய்யுத மடத்தனத்துக்கு எத்தன பேரு வெயில்ல காயணும் பாரு. அவன் மட்டும் என் கையில கெடச்சாம்னா…"

"லாரி நம்பர் சொல்லுங்க மாமா" என்றேன்.

அவர் சொன்னார். நான் எழுதினேன். வெகுநேரம் இப்படியே போனது. அவர் நம்பரைக் கூப்பிடுவார், நான் எழுதுவேன், அவருடைய ஆள் ஒருவர் தாளைக் கிழித்துக் கொடுப்பார். இடையிடையே அந்தக் கோட்டிப்பயலைப் பற்றி மாமா புதிதாக ஏதாவது யோசித்துச் சொல்வார். அவனை எந்த வாத்தியார் பாஸ் போட்டுவிட்டான் என்று கேட்டார். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்தப் பெண் பாவம் என்றார். அந்தப் பெண்ணுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

நடுவில் ஒரு டிரைவர் பொறுமை இழந்து மேஜையை ஓங்கித் தட்டினார். நாலு எழுத்து எழுத இவ்வளவு நேரமா, நீயெல்லாம் படித்தவனா என்று கத்தினார். மாமா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவரைவிட அந்த ஆள் ஒரு தலை உயரம். "உதவிக்கு வந்த பையன். அவன் மேல ஏன் கோபப்படுற? கெடுத்தவன் எங்கேயோ ஏசியில உட்கார்ந்திருக்கான்" என்று இந்தியில் சொன்னார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். மாமாவின் ஆள் ஒருவர் தனக்கு வந்த டீயை என் முன்னால் நகர்த்தி வைத்தார். நான் அதைத் தொடாமல் அடுத்த பாஸை எழுதினேன்.

அப்போதுதான் மேடம் போன் செய்தார். எழுதுகிற கையை எடுக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"குர்லா பாதி தாண்டியாச்சு" என்றார் மேடம். "சாயங்காலம் முடிஞ்சுடும். டேட்டா எதுவும் போகலை. நீ தட்டின அந்த ஒரு வரிக்கு, எம்.டி. கிட்ட நான் ஒரு பக்கம் எழுதிக் குடுக்கணும். அங்க கூட்டம் எப்படி இருக்கு?"

"இருக்கு மேடம்."

"எழுது, எழுது."

போன் அணைந்தது. மாமா லாரி நம்பர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"குர்லா பாதின்னா என்னது? டிரெயின் இல்லியா?"

"டிரெயின் இல்ல மாமா."

"அந்தம்மா, நீ தட்டுன வரிங்காவ?"

பேனாவை மூடி வைத்தேன். "நான்தான் மாமா. காலையில பாடம் நடத்தும்போது பெட்டி மாறிப் போச்சு."

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பி லாரி வரிசையைப் பார்த்தார். கேட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு லாரியாக, சாலை வளைகிற இடம் வரைக்கும் அவர் பார்வை போனது. வளைவுக்கு அப்பால் தெரியவில்லை என்று இரண்டு அடி முன்னால் போய் எட்டிக்கூடப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன்.

"இம்புட்டும் ஒத்த வரியிலயா?" என்றார்.

"ஆமா."

"நீ ஒருத்தனா?"

"ஆமா மாமா."

"சவத்த!" என்றார் மாமா. இவ்வளவு மரியாதையோடு அந்த வசவை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்ல சொன்னேன்."

"மாமா, யாருட்டயும் சொல்லிராதீங்க."

அவர் ஏற்கனவே நடக்க ஆரம்பித்திருந்தார். அடுத்த கால் மணி நேரத்தில் வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் அடி வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். டிரைவர்கள் இரண்டு மூன்று பேராக வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என் விரல்களைப் பார்த்தார்கள். சிலர் திட்டினார்கள், ஆனால் முன்பு போல இல்லை, கொஞ்சம் தள்ளி நின்று திட்டினார்கள். மேஜையைத் தட்டிய அதே உயரமான டிரைவர் மறுபடியும் வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பாய், ரோட்டில் காசு பிடுங்குற டோல் நாக்காவையும் இதே மாதிரி நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

வெயில் இறங்கும் நேரத்தில் மேடம் மறுபடியும் அழைத்து, முடிந்தது, இனி எழுத வேண்டாம் என்றார். பிரிண்டர் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மாமாவின் ஆட்கள் எழுந்து, வேட்டியையும் கைலியையும் மடித்துக் கட்டிக்கொண்டு, லாரிகளுக்கு ஓடினார்கள். கையால் எழுதிய பாஸில் உள்ளே போன லாரிகள் கொஞ்சம்தான். அவர்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலையை மீதியிருந்த வெளிச்சத்துக்குள் முடிக்கப் பார்ப்பதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு பீப்பாயை உருட்ட உதவி செய்தேன். அது என் காலை நோக்கி உருண்டது. "நீங்க போய் உக்காருங்க தம்பி, எங்களுக்குச் சோலி கூடும்" என்றார் எனக்கு டீ கொடுத்தவர்.

மாமாவும் நானும் சயான் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னல் ஓரம் அவருக்கு. பஸ் செம்பூரைத் தாண்டியது. நான் தயாராக வைத்திருந்த மன்னிப்பைத் தொண்டைக்குக் கொண்டுவந்தேன்.

"அது சரி மருமவனே" என்றார் அதற்குள். "உன் சோலிதான் என்னது? இன்னிக்காவது வெவரமாச் சொல்லு. நான் எல்லாருட்டயும் பெருசாச் சொல்லுதேனே தவிர, எனக்கு ஒரு எழவும் புரியல."

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. நான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் இல்லை. நிறைய டிஸ்க் இருக்கும் மாமா, என்று ஆரம்பித்தேன். அதையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கி, பிறகு பிரித்து, பெயர் வைத்து, ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவைப்போம். ஒரு டிஸ்கில் கொஞ்சம் எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைத்தான் இன்று மாற்றினேன். அவர் "ம்" என்றார். அடுத்ததற்கும் "ம்" என்றார். பிறகு "ம்" வரவில்லை. பார்த்தால், தலை என் தோளில் சாய்ந்திருந்தது. சட்டையில் ஆயில் வாசம்.

சுனாபட்டி வந்தது. என் வீடு அங்கேதான். கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார். தோளை அசைத்தால் அவர் விழித்துக்கொள்வார் என்று நான் இறங்கவில்லை. மனைவிக்கு, மாமா வீடு வரை போய்விட்டு வருகிறேன் என்று ஒற்றைக் கையால் மெசேஜ் தட்டினேன். அவளிடம் சொல்ல வேண்டியதும் பாக்கி இருந்தது.

சயானில் பஸ் குலுங்கி நின்றபோது மாமா கண்ணைத் திறந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "ம், பொறவு?" என்றார்.

எதில் விட்டேன் என்று எனக்கே நினைவில்லை. இறங்கி தாராவி பக்கம் நடக்க ஆரம்பித்ததும், டிஸ்கிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.